காரணம், காலம், காது

பட்டிமன்றத் தலைப்பு: வாடகைக்குக் குடியிருப்பவருக்குப் பெரிய பாதுகாப்பு எது? வீட்டுக்காரரின் நல்ல மனமே! சட்டமே!

இடம்: ஸ்ரீபெரும்புதூர்

('சட்டமே!' அணியின் நிறைவுப் பேச்சு)

அறிவும் அனுபவமும் நிறைந்த நடுவர் அவர்களே! நல்ல மனமே என்று நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! சட்டமே என்று எனக்கு முன்னால் நின்று வாதாடிய என் அணித் தோழர்களே! ஷிப்ட் முடிஞ்ச கையோட, யூனிஃபார்மைக் கூட மாத்தாம வந்து உட்கார்ந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே! வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுல கொடுத்துட்டு வந்திருக்கிற தாய்மார்களே!

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் உருக்கமாப் பேசினார். "எங்க வீட்டுக்காரம்மாவும் நாங்களும் தாயா புள்ளையாப் பழகினோம்"னு சொன்னார். சரி ஐயா. ஒரே ஒரு சந்தேகம். எந்தத் தாய் மாசா மாசம் ஒண்ணாந்தேதி காலையில வாசல்ல வந்து நிப்பாங்க? (சிரிப்பு) எந்தத் தாய், "ஆணி அடிக்காதே, அடிச்சா அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவேன்"னு சொல்லுவாங்க? சொந்தக்காரங்க மூணு நாள் தங்கினா, "மோட்டார் ரொம்ப நேரம் ஓடுதே"ன்னு எந்தத் தாய் கேப்பாங்க? (பலத்த சிரிப்பு)

நடுவர்: ஏம்மா, இப்பல்லாம் பெத்த தாயே மருமக வந்ததும் அப்படித்தான் கேக்குறாங்க! (சிரிப்பு, கைதட்டல்)

அது வேற பட்டிமன்றத் தலைப்புங்க ஐயா! (சிரிப்பு)

நான் வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல வரலை. இந்தக் கூட்டத்துலயே பாதிப் பேர் வீட்டுக்காரர்களா இருக்கலாம். விவசாய நிலம் கம்பெனிக்குப் போனபிறகு, மிச்சமிருந்த மனையில கடன் வாங்கி, வரிசையா லைன் வீடு கட்டி, அந்த வாடகையில புள்ளைகளைப் படிக்க வைக்கிறவங்க இருப்பீங்க. உங்க மனசு நல்ல மனசுதான். ஆனா இன்றைக்குக் கேள்வி அது இல்லையே! மனசு மாறுற அன்னிக்கு என்ன பாதுகாப்பு? அதுதானே நடுவர் அவர்களே கேள்வி?

எதிரணியில பேசிய சகோதரி ஒரு பெரிய இலக்கியச் சான்றை எடுத்து வெச்சாங்க. சிலப்பதிகாரத்துல மதுரைக்கு வந்த கோவலனுக்கும் கண்ணகிக்கும் ஆயர் குலத்து மாதரி இடம் கொடுத்தாளே! அட்வான்ஸ் கேட்டாளா? அக்ரிமெண்ட் கேட்டாளா? கவுந்தியடிகள் சொன்ன ஒரு சொல்லுக்காக வீட்டைக் கொடுத்தாளே, அது நல்ல மனமா இல்லையான்னு கேட்டாங்க. நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன்.

ஆனா அந்தக் கதையைப் பாதியிலேயே நிறுத்திட்டாங்களே! மாதரி வீடு கொடுத்தாள். மனசு கொடுத்தாள். கோவலன் உயிரைக் காப்பாத்த முடிஞ்சுதா? முடியலையே! ஏன்? அரண்மனையில ஒரு பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டான் பாண்டியன். கோவலனைக் கூப்பிட்டு, "நீ என்னப்பா சொல்றே?"ன்னு ஒரு வார்த்தை கேட்டானா? கேக்கலை. விசாரணை இல்லாம ஒரு உத்தரவு போட்டான். அந்த உத்தரவு ஓர் உயிரை வாங்கிச்சு. அப்புறம் கண்ணகி சிலம்போட வந்து நின்னப்ப, உண்மை தெரிஞ்சு அரசனும் விழுந்தான், ஊரும் எரிஞ்சது. மாதரியும் துக்கம் தாங்காம உயிரை விட்டாள். நடுவர் அவர்களே, சிலப்பதிகாரம் எங்க அணிக்குத்தான் சாட்சி சொல்லுது! எவ்வளவு நல்ல மனசு பக்கத்துல இருந்தாலும், அதிகாரம் இருக்கிற இடத்துல முறையான விசாரணை இல்லேன்னா கதை முடிஞ்சுது! (பலத்த கைதட்டல்)

சரி, சட்டம் குடியிருக்கிறவனுக்கு என்னதான் கொடுக்குது? வீட்டைக் கொடுக்குதா? இல்லை. வீடு எப்பவும் வீட்டுக்காரருடையதுதான். சட்டம் மூணே மூணு பொருளைக் கொடுக்குது. மூணும் 'கா'ன்னு தொடங்கும். ஞாபகம் வெச்சுக்கலாம். ஒண்ணு, காரணம். ரெண்டு, காலம். மூணு, காது. "ஏன் காலி பண்ணணும்னு காரணம் சொல்லு. காலி பண்றதுக்குக் காலம் கொடு. நான் சொல்றதையும் யாராவது காது கொடுத்துக் கேக்கட்டும்." இவ்வளவுதான் ஐயா ஒரு குடித்தனக்காரனுடைய கோரிக்கை!

முதல்ல காரணம். 1960-ல் வந்தது தமிழ்நாடு கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதுக்கு முன்னாடி, இரண்டாம் உலகப் போர்க் காலத்துலயே வாடகைக் கட்டுப்பாடு வந்தாச்சு. 1960 சட்டத்தின் பத்தாவது பிரிவு என்ன சொல்லுச்சு தெரியுமா? வீட்டுக்காரர் சும்மா "காலி பண்ணு"ன்னு சொல்ல முடியாது. வாடகையை வேணும்னே பாக்கி வெச்சியா? அனுமதி இல்லாம உள்வாடகைக்கு விட்டியா? கட்டடத்தைச் சேதப்படுத்தினியா? அக்கம்பக்கத்துக்குத் தொல்லை கொடுத்தியா? இல்லே, வீட்டுக்காரருக்கே அந்த வீடு உண்மையிலேயே தேவைப்படுதா? இப்படிக் காரணத்தைச் சொல்லி, வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்துல நிரூபிக்கணும். "உன் மூஞ்சி பிடிக்கலை"ங்கறது அந்தப் பட்டியல்ல இல்லை! (சிரிப்பு)

எதிரணியில ஒரு வக்கீல் நண்பர் 1979-ஆம் வருஷத் தனபால் செட்டியார் வழக்கைச் சொன்னார். தமிழ்நாட்டு வழக்குதான். உச்ச நீதிமன்றத்துல ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து கேட்ட வழக்கு. "எனக்குச் சொத்து மாற்றுச் சட்டப்படி நோட்டீஸ் கொடுக்கலை, அதனால என்னை வெளியேற்ற முடியாது"ன்னு குடியிருந்தவர் வாதாடினார். தோத்துப் போயிட்டார். "பார்த்தீங்களா, சட்டம் கைவிட்டுடுச்சு"ன்னு நண்பர் சொன்னார். ஏன் தோத்தார்னு சொன்னாரா? சொல்லலையே! அந்த ஏழு நீதிபதிகள் சொன்னதோட சாரம் இதுதான். வாடகைச் சட்டப்படி வீட்டுக்காரர் எப்படியும் நீதிமன்றத்துல காரணத்தை நிரூபிச்சாகணும். அந்தப் பெரிய பூட்டு இருக்கும்போது, இந்தச் சின்னப் பூட்டு தனியா எதுக்கு? இதுதானே அர்த்தம்! அவர் தோத்த வழக்குலயும், காரணம் வேணும்ங்கற கொள்கை ஜெயிச்சுது நடுவர் அவர்களே! (கைதட்டல்)

இரண்டாவது, காலம். 1985-ல் உச்ச நீதிமன்றத்துல சுந்தரம் பிள்ளை வழக்கு. அதுவும் நம்ம தமிழ்நாட்டு வழக்கு. வாடகை பாக்கி. அதுல ஒரே ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. என்ன சொல்? "வேணும்னே". வாடகையை வேணும்னே கொடுக்காம இருந்தாத்தான் வெளியேத்தலாம்னு சட்டம் சொல்லுது. அப்ப "வேணும்னே"ன்னா என்ன அர்த்தம்?

நடுவர்: அம்மா, எங்க வீட்டுலயும் தினம் அந்தச் சொல்லைச் சொல்றாங்க, "வேணும்னே பண்றீங்க"ன்னு. கல்யாணம் ஆனதுலேருந்து எனக்கு அர்த்தம் புரியலை. நீதிபதியாவது சொன்னாரா? (பலத்த சிரிப்பு)

சொன்னாருங்க ஐயா! வீட்டுக்காரர் பாக்கியைக் கேட்டு ரெண்டு மாச நோட்டீஸ் கொடுத்து, அதுக்கப்புறமும் தகுந்த காரணம் இல்லாம கொடுக்கலைன்னா அது வேணும்னே. நோட்டீஸே கொடுக்கலைன்னா, அந்த ஆள் நிலைமை என்ன, ஏன் கொடுக்க முடியலைன்னு நீதிமன்றம் ஒவ்வொரு வழக்கா ஆராய்ஞ்சு முடிவு பண்ணணும். இதுல என்ன இருக்கு பாருங்க. கொடுக்க முடியாதவனுக்கும் கொடுக்க மனசில்லாதவனுக்கும் நடுவுல சட்டம் ஒரு கோடு போடுது. இந்தப் பக்கத்துல கான்ட்ராக்ட் வேலை பாக்கிற தம்பிகளுக்கு அந்தக் கோடு எவ்வளவு முக்கியம்! ஆர்டர் இல்லைன்னு பத்து நாள் வேலை நிறுத்தினா, அந்த மாசம் வாடகை எங்கேயிருந்து வரும்? நோக்கியா தொழிற்சாலை 2006-ல் இங்கே தொடங்கிச்சு. 2014 நவம்பர் ஒண்ணாந்தேதி நின்னுபோச்சு. அதுல வேலை செஞ்சவங்க எல்லாம் வேணும்னேவா சம்பளம் இல்லாம இருந்தாங்க? (கைதட்டல்)

அதே மாதிரி இன்னொரு நுணுக்கம். சில வீட்டுக்காரர் என்ன செய்வார்? காலி பண்ண வைக்கணும்னு முடிவு பண்ணிட்டா வாடகையை வாங்கவே மாட்டார். நீ கொண்டுபோய் நீட்டுவே. "அடுத்த வாரம் பாக்கலாம்"பார். அடுத்த வாரம் வீட்டுல இருக்க மாட்டார். மூணு மாசம் கழிச்சு, "பாக்கி வெச்சுட்டான்"னு கேஸ் போடுவார்! 1960 சட்டம் அதையும் யோசிச்சு வெச்சுது. வாடகை வாங்கினா ரசீது கொடுக்கணும். வாங்க மறுத்தா, "எந்த பேங்க்ல கட்டட்டும் சொல்லுங்க"ன்னு எழுதிக் கேளு. பதில் இல்லையா, மணியார்டர் அனுப்பு. அதையும் திருப்பினா நீதிமன்றத்துல கட்டுன்னு வழி சொல்லுச்சு. ஐயா, நல்ல மனசு மட்டும் போதும்னா இவ்வளவு படிக்கட்டை எதுக்காகக் கட்டி வெச்சாங்க?

மூணாவது, காது. இதுதான் எனக்குப் பிடிச்ச வழக்கு. 1986. ரத்தன் ஆர்யா எதிர் தமிழ்நாடு அரசு. 1960 சட்டத்துல 30-வது பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. மாச வாடகை 400 ரூபாய்க்கு மேல போனா, அந்தக் குடியிருப்பு வீட்டுக்கு இந்தச் சட்டத்தோட பாதுகாப்பே கிடையாது. 1973-ல் வெச்ச வரம்பு அது. அப்ப 400 ரூபாய் வாடகை கொடுக்கிறவர்னா வசதியானவர், அவருக்கு எதுக்குப் பாதுகாப்புன்னு நினைச்சிருக்கலாம். ஆனா விலைவாசி என்ன அங்கேயே நிக்குமா? பத்துப் பன்னிரண்டு வருஷத்துல சாதாரண குமாஸ்தா குடியிருக்கிற வீட்டு வாடகையே அந்தக் கோட்டைத் தாண்டிடுச்சு. வசதியானவருக்காகப் போட்ட கோடு, ஏழையின் கழுத்துக்கு வந்துடுச்சு!

இதுல இன்னொரு வேடிக்கை. கடைக்கு இந்த வரம்பு கிடையாது. ஆயிரக்கணக்குல வாடகை கொடுக்கிற வியாபாரிக்குப் பாதுகாப்பு உண்டு. 401 ரூபாய் கொடுத்துக் குடும்பம் நடத்துறவனுக்கு இல்லை. இது என்ன நியாயம்னு குடியிருந்தவங்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. நீதிபதி சின்னப்ப ரெட்டி கேட்டார். அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவு எல்லாரும் சமம்னு சொல்லுது, இது அதுக்கு எதிரானதுன்னு அந்த வரம்பையே அடிச்சுப் போட்டார். அவர் சொன்னதில் பெரிய பாடம் ஒண்ணு இருக்கு. பிறக்கும்போது சரியா இருந்த சட்டம்கூட, காலம் மாறினா அநியாயமா ஆயிடலாம்.

யோசிச்சுப் பாருங்க நடுவர் அவர்களே! சட்டம் தப்புப் பண்ணுச்சு. ஆனா அந்தத் தப்பை எடுத்துச் சொல்ல ஒரு வாசல் இருந்துச்சு. குடியிருந்தவர் ஒருத்தர் போய் அந்த வாசல்ல நின்னார். சட்டமே திருந்துச்சு. வீட்டுக்காரர் மனசு தப்புப் பண்ணினா எந்த வாசல்ல போய் நிப்பீங்க? அவர் வாசல்லதானே நிக்கணும்! (நீண்ட கைதட்டல்)

இப்ப எதிரணி கேக்கலாம், "நீங்க சொல்றதெல்லாம் பழைய சட்டம்மா. அதுதான் போயிடுச்சே!" உண்மை. மறைக்க மாட்டேன். 2017-ல் புதுச் சட்டம் நிறைவேறிச்சு. நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறை. பழைய சட்டம் போச்சு. வாடகை எவ்வளவுங்கறதை இனி ரெண்டு பேரும் பேசிக்க வேண்டியதுதான். ஆனா மூணு 'கா'வும் போயிடலை. ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், பதிவு பண்ணணும். வேற உடன்பாடு இல்லேன்னா மூணு மாச வாடகைக்கு மேல முன்பணம் கேக்கக் கூடாது. ரசீது வாங்க உரிமை உண்டு. எவ்வளவு கோபம் வந்தாலும் தண்ணியையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. வெளியேத்தணும்னா வாடகை நீதிமன்றத்துக்குத்தான் வரணும். ஒப்பந்தமே எழுதாம இருந்தா, அதையே ஒரு காரணமாக் காட்டி வெளியேற்றக் கேக்கலாம்னும் அந்தச் சட்டம் சொல்லுது. அதனால "அண்ணன்தானே, எழுத்து எதுக்கு"ன்னு இருக்கிறவன் கழுத்துல கத்தி தொங்குது, ஞாபகம் வெச்சுக்குங்க.

அடுத்த கேள்வி, இந்த ஊருக்கே உரிய கேள்வி. பழைய சட்டம் சென்னை, மதுரை, அப்புறம் நகராட்சிகளுக்குன்னு வந்தது. புதுச் சட்டமும் நகர்ப்புறத்தை மனசுல வெச்சு எழுதினதுதான். ஆனா கம்பெனிகள் எங்கே வந்துச்சு? ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து 1998-ல் கார் ஓட்டிச்சு. ரெனோ-நிசான் 2010-ல் ஒரகடத்துல. எல்லாம் ஏரியும் வயலும் இருந்த கிராம ஊராட்சி! தொழில் நகரத்துத் தொழில், வாடகை நகரத்து வாடகை, ஆனா சட்டத்துல கிராமம்! (சிரிப்பு) அப்ப அங்கே இருக்கிற லைன் வீட்டுத் தம்பிக்கு யார் துணை?

அங்கேயும் சட்டம் இருக்கு. 1882-ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டம். நூத்தி நாப்பது வருஷத்துக்கு மேல ஆன கிழவர். ஆனா கண்ணு நல்லாத் தெரியும்! (சிரிப்பு) அதுல 106-வது பிரிவு. வேற ஒப்பந்தம் இல்லேன்னா, மாச வாடகைக் குடித்தனத்தை முடிக்க 15 நாள் நோட்டீஸ் கொடுக்கணும். அப்பவும் காலி பண்ணலைன்னா சிவில் கோர்ட்ல வழக்குப் போடணும். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வர்றவனுடைய பெட்டியைத் தூக்கி வெளியே வெச்சு வேற பூட்டு போடுறது எந்தச் சட்டத்துலயும் இல்லை.

அப்படிப் போட்டுட்டா? 1963-ஆம் வருஷக் குறித்தவகைத் தீர்வுச் சட்டம், ஆறாவது பிரிவு. சட்ட வழியில இல்லாம உன்னை வெளியே தள்ளினா, ஆறு மாசத்துக்குள்ள வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பக் கேக்கலாம். எதிரே நிக்கிறவருக்கு அந்தச் சொத்தே சொந்தம்னாலும் அந்த வழக்குல அது பதில் ஆகாது. உச்ச நீதிமன்றம் 1989-ல் கிருஷ்ண ராம் மஹாலே வழக்குல இன்னும் தெளிவாச் சொல்லிடுச்சு. இருக்க உரிமை முடிஞ்சு போனவனா இருந்தாலும், நிலையாக் குடியிருக்கிறவனைச் சட்டத்தின் வழியாத்தான் வெளியேத்தணும். கையால தள்ளக் கூடாது. இதைத் தம்பிகள் மனசுல எழுதி வெச்சுக்கணும். ஆறு மாசம்! ஏழாவது மாசம் வந்து அழுதா இந்தக் கதவு மூடிடும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. "இது வாடகை இல்லேப்பா, சும்மா தங்க அனுமதி"ன்னு காகிதத்துல எழுதி வாங்கிக்கிறது. இதுக்கும் 1959-லயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியாச்சு. டெல்லி இம்பீரியல் ஹோட்டல்ல முடி திருத்தும் தொழில் செஞ்ச ஒருத்தருக்கு அறை கொடுத்தாங்க. பத்திரத்துல பேரு 'லைசென்ஸ்'. ஆனா அந்த இடம் முழுசா அவர் கையில இருந்துச்சு. பேரு என்ன எழுதியிருக்குன்னு பாக்காதே, உள்ளபடி என்ன கொடுத்திருக்குன்னு பாருன்னு சொல்லி, அது குத்தகைதான்னு தீர்ப்பு. தலைமுடியைத் திருத்த வந்தவர் பத்திரத்தையே திருத்திட்டார்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

ஆனா எல்லா இடமும் அப்படி இல்லை. கம்பெனி கொடுக்கிற விடுதியில ஒரு கட்டில் மட்டும் கிடைச்சிருக்கிற தங்கை வாடகைதாரர் ஆக மாட்டா. வேலை போனா கட்டிலும் போகும். 2021 டிசம்பர்ல விடுதிச் சாப்பாட்டால தோழிகள் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில வந்து உட்கார்ந்தாங்களே, ஏன்? குடியிருக்கிற இடத்தைப் பத்திக் கேக்க அவங்களுக்கு வேற வாசல் தெரியலை. அதுக்கப்புறம் 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 706 கோடியே 50 லட்சம் ரூபாய் செலவுல, 18,720 பேர் தங்கற குடியிருப்பு திறந்தாங்க. வரவேற்கிறேன். ஆனா கட்டில் எண்ணிக்கை போதாது. "காலி பண்ணு"ன்னா ஏன்னு கேக்கிற உரிமையும் அந்தக் கட்டிலோட சேர்ந்து வரணும். சட்டம் இன்னும் அங்கே போய்ச் சேரணும்னு நான் கேக்கிறேன். அங்கே சட்டம் மெலிஞ்சு இருக்குங்கறதாலதானே அவங்க தவிக்கிறாங்க? அதுவே எங்க அணிக்குச் சாட்சி! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, எதிரணி கொரோனா காலத்தைச் சொன்னாங்க. வாடகையே வாங்காத வீட்டுக்காரர்கள், சோறு போட்ட வீட்டுக்காரர்கள்னு. அவங்க இருக்கிற திசையை நோக்கி நானும் கும்பிடுறேன். ஆனா 2020 மார்ச் 29-ந் தேதி மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டுச்சு. வெளியூர்த் தொழிலாளிகள் உட்பட வாடகைக்கு இருக்கிற தொழிலாளிகள்கிட்ட ஒரு மாசம் வாடகை கேக்காதே, தொழிலாளியையோ மாணவரையோ வீட்டை விட்டுத் துரத்தினா நடவடிக்கைன்னு. எல்லா மனசும் நல்ல மனசா இருந்திருந்தா இந்த உத்தரவு எதுக்கு? நல்லவருக்குச் சட்டம் தேவையில்லை, வாஸ்தவம். ஆனா குடி வர்றப்போ நெத்தியில எழுதியா இருக்கு, இவர் நல்லவர்னு? (சிரிப்பு)

ஒரு நியாயத்தையும் ஒத்துக்கணும். குடியிருக்கிறவங்க எல்லாரும் புண்ணியவான்கள் இல்லை. வயசான விதவைத் தாய், அந்த ஒரு வாடகைதான் மருந்துச் செலவுக்கு. குடியிருக்கிறவன் கொடுக்கவும் மாட்டேங்கறான், போகவும் மாட்டேங்கறான், கோர்ட்ல வாய்தா மேல வாய்தா. இது நடக்குது. ஆனா அந்தத் தாய்க்கு எது துணை? குடித்தனக்காரனுடைய நல்ல மனசா? அதைத்தான் அவன் காட்டலையே! அந்தத் தாய்க்கும் கடைசியில சட்டம்தானே துணை! தாமதத்தைக் குறைக்கணும்னு கேளுங்க, நானும் சேர்ந்து கேக்கிறேன். ஆனா தராசு ஆடுதுங்கறதுக்காகத் தராசையே தூக்கி எறியச் சொல்லாதீங்க. (கைதட்டல்)

"ஏழைக்கு எங்கம்மா வக்கீல் வெச்சுக்க முடியும்?"னு கேட்டார் எதிரணித் தலைவர். ஐயா, 1987-ஆம் வருஷச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவைப் படிங்க. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் இலவச சட்ட உதவி உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளின்னு தனியாவே எழுதியிருக்கு! இந்தக் கூட்டத்துல உட்கார்ந்திருக்கிற எத்தனை பேருக்கு அது பொருந்தும்! 15100-ன்னு ஒரு போன் நம்பரே இருக்கு.

கடைசியா ஒரே ஒரு மனிதரைப் பத்திச் சொல்லி முடிச்சுக்கறேன். சேலம் பக்கத்து நிலமில்லாக் கூலித் தொழிலாளி. 1961-ல் பஞ்சம் பிழைக்க பம்பாய் போனார். நடைபாதையில ஒரு குடிசை, மனைவி, மகள்கள். வாடகைதாரர்கூட இல்லை, வெறும் நடைபாதைவாசி. 1981 ஜூலையில மழைக்காலத்துல குடிசையை இடிச்சு, குடும்பத்தோட சேலத்துக்கு பஸ் ஏத்தி அனுப்பினாங்க. மனைவி, மக்களை ஊர்ல விட்டுட்டு, அவர் மறுபடியும் பம்பாய்க்கே போனார். ஏன்? வேலை அங்கேதானே இருக்கு! அவரும் மற்றவங்களும் உச்ச நீதிமன்றம் போனாங்க. ஓல்கா டெல்லிஸ் வழக்குன்னு பேர். 1985 ஜூலை 10, தலைமை நீதிபதி சந்திரசூட் தீர்ப்பு. நடைபாதை உனக்குச் சொந்தம்னு சொல்லலை. ஆனா இருக்கிற இடம் போனா பிழைப்புப் போகும், பிழைப்புப் போனா உயிர் போகும், அதனால வாழும் உரிமைக்குள்ளே பிழைக்கும் உரிமையும் அடக்கம்னு சொன்னாங்க. வெளியேத்தறதுக்கு முன்னாடி அவன் சொல்றதைக் கேக்கணும்னு சொன்னாங்க. மழைக்காலம் முடிஞ்சு, அக்டோபர் 31 வரைக்கும் தொடாதேன்னாங்க. காலமும் கிடைச்சுது, காதும் கிடைச்சுது! அதே 1985-ல், சென்னைக் குடிசைவாசிகளுக்காக வழக்கறிஞர் கே. சந்துரு, பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனவர், தொடுத்த வழக்குல, மாற்று இடம் கொடுப்போம்னு அரசு சொன்ன உறுதியை நீதிமன்றம் ஏத்துக்கிச்சு.

அன்னிக்கு நம்ம ஆள் பம்பாய்க்குப் போனார். இன்னிக்குப் பீகார்லேருந்தும் ஒடிசாவுலேருந்தும் அஸ்ஸாம்லேருந்தும் தம்பிகள் நம்ம ஒரகடத்துக்கு வர்றாங்க. அவங்களுக்கு நம்ம பாஷை தெரியாது. வாசல்ல இருக்கிற வீட்டுக்காரரை விட்டா ஊர்ல வேற ஆள் தெரியாது. அவங்களை நாம எப்படி நடத்தறோம்ங்கறதுதான் நம்ம நியாயத்துக்குப் பரீட்சை.

நடுவர் அவர்களே! இது ராமானுசர் பிறந்த ஊர். திருக்கோட்டியூர்ல குரு சொல்லிக் கொடுத்த மந்திரத்தை, ஒருத்தருக்கும் சொல்லாதேன்னு கட்டளை இருந்தும், கோபுரத்து மேல ஏறி ஊருக்கே சொன்ன மகான் பிறந்த மண் இது. நான் நரகம் போனாலும் பரவாயில்லை, நாலு பேர் கரையேறட்டும்னு நினைச்சார். இந்த மேடையில நின்னுக்கிட்டு நானும் ஒரு மந்திரத்தைச் சொல்லிட்டுப் போறேன். ரசீது வாங்கு. எழுத்துல எழுது. நோட்டீஸ் வந்தா மறைக்காதே, மறக்காதே, பதில் போடு. ராத்திரி பூட்டு மாறினா, விடிஞ்சதும் சட்ட உதவி மையத்துக்குப் போ. இது வக்கீலுக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியமா இருக்கிற வரைக்கும், குடியிருக்கிறவன் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் தூங்கணும். ஊருக்கே தெரிஞ்சுட்டா, ரெண்டு பேரும் நிம்மதியாத் தூங்கலாம்.

நல்ல மனம் விளக்கு மாதிரி. எரியும்போது வெளிச்சம், காத்தடிச்சா அணைஞ்சிடும். சட்டம் சுவர் மாதிரி. அழகா இருக்காது, ஆனா காத்தைத் தடுத்து நிக்கும். அந்தச் சுவர் இருந்தாத்தான் உள்ளே விளக்கே எரியும்!

எனவே, காரணம், காலம், காது இந்த மூன்றையும் தரும் சட்டமே குடியிருப்பவருக்குப் பெரிய பாதுகாப்பு என்று நல்ல தீர்ப்பை நடுவர் அவர்கள் வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)